ஊசிக்கு வரும் நாய்க்கு ஒரு துண்டு ஈரல்: கிழக்கின் சுகாதாரப் பகுதியினருக்குத் திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும், நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் உத்தியோகத்தர்களுக்கும், உள்ளூராட்சி சபைகளின் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

வாசிகசாலை முற்றத்திலோ பாடசாலை மைதானத்திலோ நாய்களுக்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றும் நாள் எப்படிப் போகும் என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். தும்புக் கயிற்றில் கழுத்து நெரிய இழுபட்டு வருகிறது நாய். இரண்டு பேர் அமத்திப் பிடிக்கிறார்கள், ஒருவர் குத்துகிறார், கயிறு தளர்ந்ததும் அது பாய்ந்து ஓடுகிறது. அட்டையில் திகதி விழுந்துவிடுகிறது. அன்றைய கணக்குக்கு அது போதும். அடுத்த ஆண்டு வீட்டுக்காரர் கயிற்றைக் கையில் எடுக்கும்போதே அதே நாய் வேலிக்குள்ளால் பூந்து போய்விடும். அந்த ஆண்டு அட்டையில் திகதி விழாது.

நாய்களைப் பழக்கும் வேலையில் இருக்கிற நாங்கள் உங்களிடம் கேட்பது இதைத்தான். மருந்துக் குப்பி, ஊசி, அட்டை ஆகியவற்றோடு உணவுத் துண்டையும் முகாமின் கட்டாயப் பொருளாக்குங்கள். முகாமுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே அந்தத் துண்டை எப்படிக் கொடுப்பது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இலங்கையில் நீர்வெறுப்பு நோய்க் (விசர்நாய்க்கடி நோய்க்) கட்டளைச் சட்டம் வந்தது 1893இல். 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை பிறகு வெகுவாக இறங்கியதற்கு நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் ஏற்றிய ஊசிதான் பெரிய காரணம். 2006 முதல் நாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. ஆகவே கையில் எஞ்சியிருக்கும் வழிகள் ஊசியும் கருத்தடையும் மட்டுமே. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஊசி ஏறியிருந்தால்தான் நோய் பரவும் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும், முதிர்ந்தவை செத்துக்கொண்டே இருக்கும். அதனால் அந்த எழுபதை ஒருமுறை எட்டினால் போதாது, ஆண்டுதோறும் எட்டவேண்டும். போன ஆண்டு வந்த நாய் இந்த ஆண்டும் வருமா என்ற கேள்விக்கு இத்தனை பாரம் இருப்பது அதனால்தான்.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லிப் பழகிய ஊர் இது. நாய்க்குத் தீன் காட்டிப் பழக்குவது லஞ்சம், பிறகு தீன் இல்லாமல் அது ஒன்றும் செய்யாது என்று பலரும் சொல்வார்கள். அடி வேலை செய்யாது என்று நாங்கள் வாதாடவில்லை. அடித்தால் நாய் நிற்கும். ஆனால் நோவு வந்த நேரத்தில் கண்முன் என்ன இருந்ததோ, அதோடுதான் அந்த நோவை நாய் முடிந்துவைக்கும். தான் இழுத்ததற்குத்தான் அடி விழுந்தது என்று அதற்கு விளங்குவது அரிது. வெள்ளைச் சட்டை, ஸ்பிரிட் மணம், பாடசாலைக் கேற், கயிறு, பக்கத்தில் நின்ற பிள்ளை, இவற்றில் எதோடும் அது அந்தப் பயத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். உறுமியதற்கு அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்தும், பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். எச்சரிக்கை கொடுக்காமல் கடிக்கும் நாய்கள் பல இப்படித்தான் உருவாகின்றன. அமெரிக்காவின் கால்நடை மருத்துவ நடத்தையியல் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும், ஆக்கிரமிப்புக் குணம் உள்ளவற்றுக்கும்கூட, பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைக்கிறது.

லஞ்சம் என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை. துண்டை முதலில் காட்டிவிட்டு "வா, வா" என்று கெஞ்சினால் அது லஞ்சம்தான். அந்த நாய் கையைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் வரும். செயல் முதலில், துண்டு பிறகு, அதுவரை துண்டு கண்ணில் படக்கூடாது. முறை முழுவதும் இந்த ஒழுங்கில் நிற்கிறது. அது தலைகீழாகும்போதுதான் "தீன் கொடுத்துப் பார்த்தோம், சரிவரவில்லை" என்ற பேச்சு வருகிறது.

இனி எந்தத் தீன், எவ்வளவு என்பது.

கடையில் விற்கும் நாய்ப் பிஸ்கட் தேவையில்லை. கோழி ஈரலைப் போல நாயை இழுக்கும் மலிவான பொருள் கிடைப்பது அரிது. 250 கிராம் ஈரலை உப்பு, தூள் எதுவும் போடாமல் பத்து நிமிடம் அவித்து, நீரை வடித்து ஆறவிட்டு, ஒவ்வொரு பக்கமும் 8 மில்லிமீற்றர் அளவுள்ள துண்டுகளாக வெட்டுங்கள். பிறகு எண்ணெய் விடாத தாச்சியில் ஐந்து நிமிடம் பிரட்டினால் கையில் ஒட்டாது. ஒரு துண்டு அரைக் கிராம் அளவில் வரும். அவிக்கும்போது சுருங்கியது போக 300 துண்டுக்கு மேல் கிடைக்கும். பயறு அளவா, கடலை அளவா என்று கேட்பவர்களுக்குக் கடலை அளவு என்று சொல்லலாம். அதைவிடப் பெரிதானால் நாய் நின்று மெல்லும், விழுந்த துகளை மணந்து தேடும், பத்தாவது துண்டிலேயே வயிறு நிறைந்து ஆர்வம் போய்விடும். பரிசு எத்தனை தடவை வந்தது என்பதைத்தான் நாய் கணக்கில் எடுக்கும், ஒரு பரிசின் பருமனை அவ்வளவாகக் கணக்கெடுக்காது.

ஈரல் அதிகமானால் வயிறு இளகும். 15 கிலோ நிறையுள்ள ஊர் நாய்க்கு எல்லாத் துண்டுகளும் சேர்த்து ஒரு நாளைக்கு 30 கிராம் போதும், அந்த அளவுக்கு அன்றைய சோற்றைக் குறைக்கவேண்டும். நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பரிசுத் துண்டாகப் போகக்கூடாது என்பது பொதுவான அளவு. தினமும் ஈரலையே கொடுக்காமல் அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, முள் நீக்கிய அவித்த மீன் என்று மாற்றிக் கொடுப்பது நல்லது. நெத்தலிக் கருவாடு நாய்க்கு நல்ல விருப்பம், ஆனால் உப்பு கூட. சுடுநீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, மூன்று முறை நீர் மாற்றிக் கழுவி, ஒவ்வொன்றையும் மூன்றாக முறித்துக் கொடுக்கலாம். அம்மன் கோயில் சடங்குக் காலத்தில் மச்சம் சமைக்காத வீடுகள் இங்கே அதிகம். அவர்களுக்கு உப்பில்லாத வறுத்த கச்சானைத் தோல் நீக்கிப் பாதியாக்கியதும், அவித்த வத்தாளங்கிழங்கும், கரண்டி நுனியில் எருமைத் தயிரும் உதவும். கிழங்கு வீட்டுக்குள் வேலை செய்யும். தெருவில் இன்னொரு நாய் எதிர்ப்படும்போது உங்கள் நாய் கிழங்கைத் திரும்பியும் பார்க்காது. எளிதான இடத்துக்கு எளிதான தீன், கடினமான இடத்துக்கு ஈரல்.

கறிச்சோற்றை உருட்டிக் கொடுப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சொக்லேற், முந்திரிகைப் பழம் (திராட்சை), பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) மூன்றும் நஞ்சு. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். நமது வெயிலில் 32 பாகை செல்சியஸ் தாண்டிய நாளில் அவித்த இறைச்சியை வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவேண்டாம். தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க ஐஸ் பெட்டி கொண்டுவருகிறீர்கள், தீனுக்குச் சின்னதாக இன்னொரு பெட்டி வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் ஈரலை வைத்து ஆயிரம் தடவை திறந்து மூடக்கூடாது.

வீட்டுக்காரருக்குக் கொடுக்கவேண்டிய இரண்டு கிழமைப் பயிற்சியை இங்கே விரிவாகச் சொல்கிறோம். ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாக அடித்து, கிராம உத்தியோகத்தர் வழியாகவும் பாடசாலை வழியாகவும் அனுப்பலாம்.

முதல் இரண்டு நாளும் நாயிடம் எதையும் எதிர்பார்க்கவேண்டாம். நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டொக்" என்று ஒரு ஒலி எழுப்புங்கள், ஒரு செக்கனுக்குள் துண்டு. ஒரு அமர்வில் பதினைந்து தடவை, நாளுக்கு மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு செய்தால் வீண், முன்பு செய்யுங்கள். ஒலி கேட்டதும் நாய் தலையைத் திருப்பி உங்களைத் தேடினால் பாடம் ஏறிவிட்டது. அந்த ஒலி எதற்கு என்றால், நாய் சரியாகச் செய்த கணத்துக்கும் துண்டு வாய்க்குப் போகும் கணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று செக்கன் ஓடிவிடும், அதற்குள் நாய் வேறு மூன்று காரியம் செய்திருக்கும். எந்தக் காரியத்துக்குப் பரிசு என்பதை ஒலிதான் குறித்துக் கொடுக்கிறது. ஒலிக்குப் பதில் சொல் வைப்பவர்கள் வீட்டில் அடிக்கடி புழங்கும் "ஓம்", "சரி" போன்றவற்றை விட்டு வேறொன்றை எடுங்கள்.

மூன்றாம் நான்காம் நாள் கழுத்துப்பட்டி. பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழையவேண்டும். கை பட்டியைத் தொடும், டொக், துண்டு, கையை எடுங்கள். அடுத்து ஒரு செக்கன் பிடித்து விடுதல், பிறகு மூன்று செக்கன், பிறகு ஐந்து. இதில் அதிகமாக நடக்கும் பிழை, தீன் கையை முதலில் நீட்டி நாய் தின்றுகொண்டிருக்கும்போது மற்றக் கையால் பட்டியைப் பிடிப்பது. நாலு தடவை அப்படிச் செய்தால் ஈரலைக் கண்டதும் பின்வாங்கும் நாய் உங்களிடம் இருக்கும். செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பவ்லோவ் காட்டியதும் இதுவே. முன்னால் வருவது பின்னால் வருவதற்கு அறிகுறியாகிறது. தொடுகை முன்னால் வந்தால் அது தீனின் அறிகுறி. தீன் முன்னால் வந்தால் அது பிடிபடப்போவதன் அறிகுறி.

ஐந்தாம் நாள் முதல் ஊசி ஏறும் இடம். தோளுக்கு மேல் தளர்ந்த தோலிலா, பின்தொடையிலா என்பதை உங்கள் உத்தியோகத்தர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீட்டுக்காரர் அந்த இடத்தையே பழக்கலாம். பிரசுரத்தில் ஒரு வரி இதற்கு ஒதுக்குங்கள். தடவுதல், தோலைத் தூக்கிப் பிடித்தல், மெல்ல நுள்ளுதல், பேனை மூடியின் முனையால் இரண்டு செக்கன் அழுத்துதல் என்று படிப்படியாக ஏறவேண்டும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை நாய் அசையாமல் நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஐந்துக்குக் கீழே இறங்கினால் முந்திய படிக்குத் திரும்புங்கள். பேனை மூடி சரியாக வந்த பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. அந்த மணம்தான் பல நாய்களுக்கு முதல் எச்சரிக்கை, அதை வீட்டிலேயே தீனின் மணமாக மாற்றிவிடலாம். பஞ்சை முதலில் ஒரு மீற்றர் தூரத்தில் வையுங்கள், மூக்குக்கு நேரே நீட்டவேண்டாம்.

இதே நாட்களில் நாய் தன் நாடியை, அதாவது கீழ்த்தாடையை, விரித்த உள்ளங்கையில் வைத்துக்கொள்ளப் பழக்கினால் பிறகு வேலை பாதியாகும். உள்ளங்கையை நாயின் நாடிக்குக் கீழே நீட்டுங்கள். அது தொட்டதும் டொக், துண்டு. நாடி கையில் இருக்கும்வரை மற்றக் கை வேலை செய்யலாம், நாய் நாடியைத் தூக்கினால் மற்றக் கையும் உடனே நிற்கவேண்டும். தலையைத் தூக்கினால் தொடுகை நிற்கும் என்று தெரிந்த நாய்க்குக் கடிக்கவேண்டிய தேவை இல்லாமல் போகிறது. நாய்க்குச் செல்லம் கொடுப்பதாகச் சிலர் இதைக் கேலி செய்வதுண்டு. கடிபடுவது அவர்கள் கையல்ல.

பதினோராம் நாள் முதல் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து அதே தொடுகையைச் செய்யட்டும், துண்டு கொடுப்பது வீட்டுக்காரர். புது ஆள் வந்தால் எல்லாப் படியும் கீழிருந்து தொடங்கும், ஆனால் விரைவாக ஏறும். பதின்மூன்றாம் நாள் முகாம் நடக்கப்போகும் இடத்துக்குக் கயிற்றில் நடத்திக் கூட்டிப்போய், சுற்றி மணக்கவிட்டு, பத்துத் துண்டு கொடுத்துத் திரும்பி வாருங்கள். கடைசி நாள் ஓய்வு. அன்றைக்கும் மூன்று தடவை பயிற்சி செய்து நாயைச் சலிக்கவைத்துக் கொண்டுவரும் ஆர்வக்காரர் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

சீட்டுக் கட்டுவது போலத்தான் இது. சிறுகச் சிறுகப் போட்டு வைத்தால்தான் ஒருநாள் மொத்தமாக எடுக்கலாம். உட்கார், நில் போன்ற பாடங்களில் நாய் தேர்ந்த பிறகு துண்டை மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று ஒழுங்கில்லாமல் குறைத்துக்கொண்டு போகலாம், செயல் நிலைக்கும். ஊசி, நகம் வெட்டுதல், உண்ணி பிடுங்குதல், காதுக்கு மருந்து விடுதல் ஆகியவற்றில் குறைக்கவே கூடாது. நோவு வரும் வேலைக்கு ஒவ்வொரு தடவையும் கூலி உண்டு.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது பற்றியும் பிரசுரத்தில் இருக்கட்டும். நாயைக் கூப்பிட்டு, வந்ததும் பிடித்துச் சங்கிலியில் கட்டுவது பல வீடுகளில் வழக்கம். சில கிழமைக்குள் அந்தப் பெயரே நாயை விரட்டும் சொல்லாகிவிடும். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை துண்டு கொடுத்துத் திரும்ப விட்டுவிடுங்கள், பத்தாவதில் கட்டலாம். ஏற்கெனவே கெட்டுப்போன பெயரைச் சரிசெய்வதைவிடப் புது அழைப்பு ஒன்றை வைப்பது எளிது. ஒரு தகரத்தைத் தட்டும் சத்தம் போதும்.

முகாமுக்கு வருவோம். இனி உங்கள் கையில் இருக்கிற காரியங்கள்.

காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் நாய் இளைக்கும், இளைக்கும் நாய் தின்னாது. ஒலிபெருக்கி அறிவிப்பு முந்திய நாளே போதும், முகாம் நாளன்று வேண்டாம். வரும் வழியும் போகும் வழியும் வேறாக இருக்கட்டும். வரிசையில் நாய்க்கு நாய் ஐந்து மீற்றர் இடைவெளி விட்டுச் சுண்ணாம்பால் கோடு போடலாம், ஒன்றையொன்று பார்க்காதபடி இடையில் சாக்கோ கிடுகோ மறைத்துக் கட்டினால் இன்னும் நல்லது. மேசையில் ஏற்றவேண்டாம். வழுக்கும் சீமெந்துத் தரையில் ஈரச் சாக்கு ஒன்றை விரியுங்கள், கால் வழுக்கும்போது நாய் பதறும்.

பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை நாயைக் கொண்டுவந்தால் அன்புடன் திருப்பி அனுப்பி, வளர்ந்தவர் ஒருவரை வரச்சொல்லுங்கள். நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அந்த வயதுப் பிள்ளைகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

மருந்தை ஊசியில் எடுத்து நாயின் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டு, உத்தியோகத்தர் நேர் எதிரே குனியாமல் பக்கவாட்டில் குந்தவேண்டும். நாயின் கண்ணை உற்றுப் பார்க்கக்கூடாது. வீட்டுக்காரர் நாயின் தலைப் பக்கம். தொடுகை, துண்டு, தொடுகை, துண்டு என்று மூன்று தடவை. நாய் தின்றால் நான்காவது தொடுகையோடு, கரண்டியில் பூசிய தயிரையோ மசித்த ஈரலையோ நாய் நக்கிக்கொண்டிருக்கும்போதே ஊசி ஏறட்டும். ஊசி வெளியே வந்ததும் கரண்டியைப் பறிக்கவேண்டாம், இன்னும் ஐந்து செக்கன் நக்கட்டும், பிறகு போகும் வழியில் நாலைந்து துண்டைத் தரையில் தூவி விடுங்கள். குனிந்து மணந்து தேடித் தின்னும் நாயின் மூச்சு சீராகும். இவ்வளவுக்கும் ஒரு நாய்க்கு ஒரு நிமிடம் கூடுதலாகப் போகும். அமத்திப் பிடிக்க மூன்று பேர் கயிற்றோடு போராடும் நேரத்தை யாரும் அளப்பதில்லை.

நாய் துண்டை மணந்துவிட்டுத் தலையைத் திருப்பினால் அது பிடிவாதமல்ல, பயம் பசியை மிஞ்சிவிட்டது. கொட்டாவி விடுவதும், ஒன்றும் தின்னாமலே உதட்டை நக்குவதும், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவதும், உடம்பு இறுகுவதும், வால் அடிவயிற்றில் ஒட்டுவதும் அதே செய்திதான். மென்மையாக வாங்கும் நாய் திடீரென்று விரலோடு சேர்த்துப் பறித்தால் அதுவும் பதற்றம். பத்து மீற்றர் பின்னால் கூட்டிப்போய் இரண்டு நிமிடம் விட்டு, தின்னத் தொடங்கியதும் திரும்ப வரிசையின் கடைசிக்கு அனுப்புங்கள். வாய்க்கூடு தேவைப்படும் நாய்களை வீட்டிலேயே யோகட் கோப்பையால் பழக்கலாம். கோப்பையின் அடியில் மூச்சுத் துளைகள் இட்டுத் தயிர் பூசி, நாயே மூக்கை நுழைக்கவிடுங்கள், கோப்பையை நாயின் முகத்துக்குத் தள்ளவேண்டாம்.

நூறு நாய் வரும் முகாமுக்கு, நாய்க்குப் பத்துத் துண்டு வீதம் 500 கிராம் அவித்த ஈரல் வேண்டும். பச்சையாக முக்கால் கிலோ வாங்கினால் சரி. தயிர்ச் சட்டி ஒன்று, நீண்ட கைப்பிடிக் கரண்டி ஆறு, இடையில் கழுவ ஒரு வாளித் தண்ணீர். சபையின் செலவுப் பட்டியலில் இது தேநீர்ச் செலவுக்குக் கீழேதான் வரும்.

நீண்ட கைப்பிடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் இந்த வேலையில் இருக்கும் முஸ்லிம் உத்தியோகத்தர்கள் நாயின் எச்சில் படாமல் வேலை செய்ய விரும்புவார்கள். கரண்டியும் இடுக்கியும் கையுறையும் கொடுத்துவிட்டால் இந்த முறையில் அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. துண்டைத் தரையில் போட்டாலும் பரிசு பரிசுதான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் நிலைமை வேறு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பகுதிகளில் வயல் வாடியில் யானைக் காவலுக்கும் மாட்டுப்பட்டியோடும் இருக்கிற நாய்களுக்குக் கழுத்துப்பட்டியே தெரியாது. வீதியோரத்து முகாமுக்கு அவை வரமாட்டா, பிடித்து வந்தாலும் ஊசி போடும் முன்னரே யாரையாவது கடித்துவிடும். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் அந்தப் பக்கம் முகாம் வைத்துப் பயனில்லை, மார்கழி மழையிலும் பயனில்லை. சிறுபோக வேலை ஓய்ந்த நேரம், செப்ரெம்பர் 28ஆம் திகதி உலக விசர்நாய்க்கடி நோய் தினத்துக்கு முந்திய கிழமைகள், தோதான காலம். வயல்களுக்கு நீர் விடுவதை மேற்பார்க்கும் வட்டவிதானையாரிடமும் மாட்டுப் பட்டிக்காரரிடமும் முன்கூட்டியே கதைத்து, பதினான்கு நாளை இருபத்தொன்றாக நீட்டி, ஊசி போடுபவர் வாடிக்கே போகவேண்டும். முதல் நாள் வெறும் கையோடு போய், தூரத்திலிருந்து துண்டை எறிந்துவிட்டு வந்தாலே போதும். நாய்க்கு நேரே எறியவேண்டாம். அதற்குப் பின்னால் விழும்படி எறிந்தால், தின்ன அது உங்களிடமிருந்து விலகிப்போகும், பிறகு தானாகவே திரும்பி வரும். நெருங்குவது நாயின் தெரிவாக இருக்கும்.

கட்டாக்காலி நாய்களுக்கும் இதே வழிதான், ஆனால் அங்கே வீட்டுக்காரர் இல்லை. எந்தக் கட்டாக்காலிக்கும் ஊட்டுபவர் ஒருவர் இருப்பார். தேநீர்க்கடைக்காரர், மீன் வெட்டுபவர், கோயிலடிப் பூக்காரி, பஸ் நிலையத்துக் காவலாளி. அவர்களைக் கண்டுபிடித்து, பத்து நாளைக்கு ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே தகரத்தைத் தட்டித் தீன் வைக்கச் சொல்லுங்கள். நாலாம் நாள் முதல் ஊசி போடுபவரும் பக்கத்தில் வந்து சும்மா நிற்கட்டும். பத்தாம் நாள் கூடும் நாய்களில் பாதியாவது கைக்கு எட்டும் தூரத்தில் நின்றால் நல்ல பலன். வலை மிச்சத்துக்கு மட்டும். வலை வீசும் ஆள் ஊட்டுபவராக இருக்கவே கூடாது, வீசும் இடமும் ஊட்டும் இடமாக இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் அந்தத் தகரச் சத்தத்தை அடுத்த ஆண்டு எந்த நாயும் நம்பாது. ஊசி போட்ட நாய்க்கு வர்ணப் பட்டி கட்டுவதானால் அதையும் துண்டு கொடுத்துத்தான் கட்டவேண்டும்.

இரண்டு இடங்களில் தீனைக் கையில் எடுக்கவே வேண்டாம். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் போகும் நாய் மயக்க மருந்துக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும், எத்தனை மணித்தியாலம் என்பதைச் சிகிச்சை செய்யும் மிருக வைத்தியர்தான் சொல்லவேண்டும். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் நாய் சாகும். தடுப்பூசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. இரண்டையும் ஒரே நாளில் வைக்கும் முகாம்களில் வரிசையைப் பிரித்துவிடுங்கள்.

மற்றது, வாய்நீர் வடிய, பின்னங்கால் தள்ளாட, குரல் மாறி, காரணமில்லாமல் பாய்கிற நாய். அதைப் பழக்க முயலக்கூடாது, தீனோடு நெருங்கவும் கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்கவேண்டும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், பயிற்சியின்போது துண்டு கொடுக்கையில் பல் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இந்த வரியைப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் அடியுங்கள்.

ஊசி ஏற்ற முடியாமல் திரும்பும் நாய்களின் பெயரும் முகவரியும் அன்றைக்கே பதியப்படவேண்டும். இப்போது பதியப்படுவது ஏற்றியவை மட்டும். திரும்பிய நாயின் வீட்டுக்காரரிடம் பிரசுரத்தை மறுபடி கொடுத்து, எந்தப் படியில் நாய் மறுத்தது என்பதைக் குறித்து, மூன்று கிழமைக்குள் ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும். ஏற்றிய நாயின் அட்டையிலும் இரண்டு வரி கூடுதலாக வேண்டும்: என்ன தீன் தின்றது, உடம்பில் எந்த இடத்தைத் தொட்டபோது விலகியது. அடுத்த ஆண்டு வேறு உத்தியோகத்தர் வந்தாலும் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு அவர் பையிலிருந்து சரியான துண்டை எடுக்கலாம். பிரசுரத்தின் வரைவை எழுதித் தரவும், முகாமுக்கு முன் உங்கள் உத்தியோகத்தர்களுக்கு அரை நாள் செய்முறை காட்டவும் நாங்கள் சம்மதம். பழகிய நாய்களையும் நாங்களே கொண்டுவருவோம். திகதியை நீங்கள் சொல்லுங்கள்.

இவ்வண்ணம்,
நாய்களைப் பழக்கும் பணியிலுள்ளோர்,
மட்டக்களப்பு